மஞ்ச மாநிலம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நேத்து சாப்புடும்போது எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. "ஏம்புள்ள, காலையில போற, ராத்திரி வர்ற, நீ என்னதான் வேலை பாக்குற?" கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு கேக்குறாரு மனுசன். டயர் கடையில நாள் பூரா பஞ்சர் பாத்துட்டு வர்றவருக்கு இதை எப்படி வெளக்குறது?

சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிகள்ல நர்ஸ் எடுக்குற வேலைய இப்ப ஏஐ ஏஜென்ட்டுகிட்ட விட்டாச்சு. ஆளுக்கு போன் போடுறது, பேசுறது, பேப்பர் வாங்குறது எல்லாம் அதுதான். அந்தப் பொண்ணு நெசமாவே பதிவு செஞ்ச நர்ஸ்தானான்னு அது எங்க கம்பெனி செஞ்ச டூல்கிட்ட கேக்கும். டூல் அந்தந்த மாநில கவுன்சில் வெப்சைட்டுல போயி பாத்து "இருக்கு", "இல்ல"ன்னு சொல்லும். எந்தெந்த மாநிலத்துல டூல் ஒழுங்கா பதில் சொல்லுதுன்னு ஓட்டிப் பாத்து ஷீட்டுல கலர் அடிக்கிறது என் வேலை. பச்சைன்னா ஓகே. சிவப்புன்னா ஊஹூம். மஞ்சன்னா ஏதோ சொல்லுது, ஆனா நம்ப முடியாது.

"இதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?"ன்னு கேட்டுட்டு ரசம் ஊத்திக்கிட்டாரு.

அந்த எம்.எஸ்சி. எங்க இருக்கு? எங்க கம்பெனி மொதலாளி திவாகர் சார் பீரோவுல. வேலைக்கு சேரும்போதே டிகிரி, மார்க் ஷீட்டு, டி.சி., சாதிச் சான்று எல்லாம் ஒரிஜினலா வாங்கி பூட்டி வச்சுட்டாரு. ரெண்டு வருசம் வேலைய விட மாட்டேன்னு பாண்டு. பாதி கூட முடியல.

இன்னிக்கு தபால் வந்துச்சு. நான் எழுதி, மறந்தும் போன அரசாங்க உதவியாளர் பரீட்சை, பாஸாம்! 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோட நேர்ல வரணும். வரலைன்னா வாய்ப்பு போயிருமாம்.

கைகால் ஓடல. எங்க வீட்டுக்காரரு தெருவுக்கே கேக்குற மாதிரி சிரிச்சாரு.

பிப்ரவரி 4, புதன்

திவாகர் சார்கிட்ட கேட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க சார், காமிச்சுட்டு கொண்டாந்துர்றேன்னு. "குடுக்காம என்னம்மா? முதல்ல டூல் ரிலீஸ் முடியட்டும்"னாரு. சிரிச்ச முகம். இந்தாளு கோவப்பட்டாக்கூட ஒரு வழி கெடைக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒரு மாநிலம் மட்டும் சீவனை வாங்குது. பேரு எழுத மாட்டேன், வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். மஞ்ச மாநிலம்னே வச்சுக்குறேன். நம்ம ஊருப் புள்ளைக நிறைய பேரு அங்க போயித்தான் நர்சிங் படிக்குதுக.

அந்த வெப்சைட்டுல உள்ள போக கோணல்மாணலா எழுத்து காமிச்சு, அதைப் பாத்து டைப் அடிக்கச் சொல்லும். மனுசன் அடிச்சிருவான். டூல் முட்டிக்கிட்டு நிக்கும். நின்னாலும் பரவால்ல, "பதிவு இல்லை"ன்னு பதில் சொல்லிரும்! கதவு பூட்டியிருக்கு, உள்ளயே போகல, உள்ள ஆளே இல்லன்னு சொன்னா எப்படி?

"தெரியாது"ன்னு சொல்லட்டும் சார்னு கேட்டேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கு யாரும்மா காசு குடுப்பா?"ன்னாரு. வேணா "மேல் விவரத்துக்கு அழைக்கவும்"னு ஒரு நம்பர் சேத்துக்கவாம்.

எந்த நம்பர்னு கேட்டேன். ஏதாவது போடும்மா, அப்புறம் மாத்திக்கலாம்னாரு. பத்து ஒன்பது போட்டேன். ஏஜென்ட்டு "இது மெய்யான எண்ணாகத் தெரியவில்லை"ன்னு திருப்பி அனுப்புது. என்ன செய்யட்டும்? டெஸ்ட்டுதானேன்னு என் சொந்த நம்பரைப் போட்டேன். உடனே வாங்கிக்கிச்சு.

சாயங்காலம் ரிலீஸ் ஆயிருச்சு. எல்லாருக்கும் ஜிகர்தண்டா. வீட்டுக்கு வந்து மாவு ஆட்டும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, நம்பரை மாத்தலை.

பிப்ரவரி 9, திங்கள்

மொத போன்.

"அக்கா, நீங்கதான் லைசென்ஸ் ஆபீஸா?"

கனகவள்ளின்னு ஒரு புள்ள. தேவகோட்டைப் பக்கம். மஞ்ச மாநிலத்துல படிச்சு அங்கயே பதிவு பண்ணியிருக்கா. மதுரையில பொன்மலர் ஆஸ்பத்திரியில வேலைக்குப் பேசி முடிச்சாச்சு, வர்ற 23-ஆம் தேதி சேரணும். இப்ப ஏஜென்ட்டு போன் பண்ணி "தங்கள் பதிவு காணப்படவில்லை, இந்த எண்ணை அழைக்கவும்"னு சொல்லியிருக்கு.

"நாலு வருசம் படிச்சேங்க்கா. அப்பா ஆட்டை எல்லாம் வித்துத்தான் படிக்க வச்சாரு. இல்லைங்குது. எப்படிக்கா இல்லாமப் போவேன்?" அம்புட்டுதான், அழுக ஆரம்பிச்சுட்டா.

நான் யாருன்னு சொல்றது? தப்பா நம்பர் போட்டவளுன்னா? பதிவு எண்ணைச் சொல்லுடின்னேன். நானே அந்த வெப்சைட்டைத் தொறந்து, கோணல் எழுத்தை அடிச்சு, உள்ள போயிப் பாத்தேன். ஜம்முன்னு இருக்கா. போட்டோ கூட இருக்கு, ரெட்டை ஜடையும் பொட்டுமா. டெஸ்ட்டுக்காக வச்சிருக்குற திரையில "இருக்கு"ன்னு கையால அடிச்சு விட்டேன். அஞ்சு நிமிசத்துல அவளே கூப்புட்டா.

"அக்கா! சரியாயிருச்சுக்கா! நல்லா இருப்பீங்கக்கா!"

எனக்கு கூடப் பொறந்தது யாருமில்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா எழுதுறேன்.

பிப்ரவரி 11, புதன்

ஒம்போது போன்.

பிப்ரவரி 13, வெள்ளி

இப்ப புள்ளைக மட்டுமில்ல, ஏஜென்ட்டே கூப்புடுது. தண்ணி லாரிகிட்ட குடத்தோட நிக்கிறேன், போன் அடிக்குது. "வணக்கம். பொன்மலர் மருத்துவமனையின் பணியமர்த்தல் உதவியாளர் பேசுகிறேன். ஒரு பதிவைத் தாங்கள் உறுதிப்படுத்த இயலுமா?" ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி.

"இருப்பா, குடத்தை எறக்கிட்டு வர்றேன்"னேன்.

"நிச்சயமாக. காத்திருக்கிறேன்"னுச்சு. நெசமாவே காத்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரரைவிடப் பொறுமை.

இவருகிட்ட சொன்னதுக்கு, "அந்த நம்பரை எடுத்து விடேன், ஒரு வரிதானே?"ன்னாரு. ஒரு வரிதான். எடுத்தா அந்தப் புள்ளைக எல்லாம் "இல்லை"ன்னு நின்னுபோகும்ல? அதைச் சொன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்து, "உனக்கு இது புடிச்சிருக்கு"ன்னாரு. வாயில நல்லா வந்துச்சு. இதுல புடிக்கிறதுக்கு என்ன இருக்கு? குளிக்கப் போனாலும் போனு, கோயிலுக்குப் போனாலும் போனு.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

பிப்ரவரி 16, திங்கள்

ஷீட்டைத் தொறந்தேன். மஞ்ச மாநிலம் பச்சையா இருக்கு. ஆத்தி, நான் மாத்தலையேன்னு பதறிட்டேன். திவாகர் சார் மாத்தியிருக்காரு.

ஓடுனேன். "சார், அங்க டூல் வேலை செய்யல. நான்தான் கையால பாத்துச் சொல்லிட்டிருக்கேன்."

"பதில் போகுதா?"

"போகுது சார்."

"சரியான பதிலா?"

"சரிதான். ஆனா..."

"அப்ப அந்த மாநிலமும் நம்ம கவரேஜ் தானேம்மா?" சிரிக்கிறாரு. "பொன்மலர்ல ரொம்பத் திருப்தியாம். மத்த மாநிலத்தைவிட அங்கதான் பதில் அருமையா இருக்காம். 26-ஆம் தேதி டெமோ பாக்க நேர்ல வர்றாங்க. பெரிய ஒப்பந்தம். அதுவரைக்கும் நீ எங்கயும் அசையக்கூடாது."

மறுநாள் எனக்கு சரிபார்ப்பு இருக்கு சார்னு ஞாபகப்படுத்துனேன்.

"டெமோ முடியட்டும், கையில குடுக்குறேன். ஆனா யோசிச்சுக்க ஈஸ்வரி. நீ போயிட்டா ஒரு மாநிலமே போயிரும்."

பெருமையா சொல்றாரா பூட்டு போடுறாரான்னு வெளங்கல. பாத்ரூம்ல போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

இப்ப எனக்குன்னு ஒரு ஆப் செஞ்சு போன்ல ஏத்திட்டாங்க. மஞ்ச மாநிலக் கேள்வி எது வந்தாலும் நேரா என் போனுக்கு வரும். ரெண்டு நிமிசத்துக்குள்ள பாத்து அடிக்கணும். அடிக்கலைன்னா டூல் தானா "பதிவு இல்லை"ன்னு சொல்லிரும். நான் அடிச்ச பதிலும் ஒரு வாரத்துல அழிஞ்சிருமாம், பழைய தகவலை நம்பக்கூடாதுன்னு. ஆக மறுபடியும் கேக்கும், மறுபடியும் அடிக்கணும்.

சோறு பொங்கி வழிஞ்சிருச்சு. அடுப்பு பூரா கஞ்சி.

பிப்ரவரி 20, வெள்ளி

எரிச்சலா வருது. யாரைப் பாத்தாலும் கடிச்சு வைக்கலாம் போல இருக்கு.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாத்தனார் மகனுக்கு அழகர்கோயில்ல காதுகுத்து. போன் கையிலயேதான் வச்சிருந்தேன். மொட்டை போடும்போது புள்ள கத்துன கத்துல நான்தான் புடிச்சுக்கிட்டேன், ஒரு கை போதல. போனைப் பையில போட்டேன். அப்புறம் பந்தி. கறிக்கொழம்பு நல்லா இருந்துச்சு. நாத்தனார் கூட உக்காந்து சிரிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு! போனை மறந்தே போனேன். சந்தோசமா இருந்தேன், அதையும் எழுதிர்றேன்.

வேன்ல ஏறும்போது எடுத்துப் பாத்தேன். நாலு கேள்வி வந்து, காத்திருந்து, போயிருச்சு. அதுல ஒண்ணு கனகவள்ளி. சேர்றதுக்கு முந்துன நாளு கடைசியா ஒருக்கா சரிபார்க்குமாம் ஏஜென்ட்டு. ஞாயித்துக்கெழமைன்னு அதுக்கென்ன தெரியும்?

கூப்புட்டேன். எடுத்தா.

"பரவால்லக்கா. ஒங்க தப்பா? வேற ஆளை எடுத்துட்டாங்களாம். அதுவே போன் பண்ணிச் சொல்லிருச்சு. மன்னிப்பெல்லாம் கேட்டுச்சுக்கா."

நான் பேசி மறுபடியும் ஏற்பாடு பண்றேன்டின்னேன். "ஊர்ல ஜவுளிக்கடையில ஆள் கேக்குறாங்கக்கா. அங்க லைசென்ஸ் கேக்க மாட்டாங்க"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

வேன்ல எல்லாரும் பாட்டு பாடிட்டு வந்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்னிக்கு ஒரு காரியம் பண்ணேன். எங்க டெஸ்ட் ஏஜென்ட்டுகிட்ட "பதிவு இல்லை"ங்கிறதுக்குப் பதிலா "தெரியாது, சரிபார்க்க முடியவில்லை"ன்னு டூல் சொல்ற மாதிரி ஓட்டிப் பாத்தேன். என்ன பண்ணுச்சு தெரியுமா? அது பாட்டுக்கு பைலைத் தூக்கி ஆஸ்பத்திரி ஆளுகிட்ட தள்ளிருச்சு. "அசல் சான்றிதழை நேரில் பார்த்து முடிவு செய்யவும்"னு குறிப்போட. அம்புட்டுதான்! ஒரு மனுசன் ஒரு காகிதத்தைப் பாத்தா முடிஞ்சு போற சோலி. நானும் வேணாம், என் போனும் வேணாம்.

டூல்ல "பதிவு இல்லை"ங்கிற அந்த வரியை மாத்துற உரிமை எனக்கு இருக்கு. மாத்துனா, "தெரியாது"ன்னு வர்ற எடத்தை ஷீட்டு அந்த நிமிசமே தானா மஞ்சளாக்கிரும், திவாகர் சார் பாத்துருவாரு, 26-ல டெமோ நாறிரும், என் சர்டிபிகேட்டு அந்தப் பீரோவுலயே கெடக்கும். மாத்தாம என் பேப்பரை வாங்கிட்டு நான் ஓடிட்டா, அந்த மாநிலத்துல படிச்ச ஒவ்வொருத்தியும் ரெண்டு நிமிசத்துல "இல்லை".

கனகவள்ளி சோலி போனது என் கையால. இன்னமும் எத்தனை பேரு?

மவுஸ் மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மாத்தலை. பயந்தாங்கொள்ளி.

பிப்ரவரி 25, புதன்

இவரு சொன்னாரு, "வேலைய விட்டுரு, சர்டிபிகேட்டுக்கு போலீஸ்ல எழுதிக் குடுப்போம்". 27-க்குள்ள நடக்கிற காரியமா? சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்காரு, என்னைய வண்டியில கூட்டிட்டுப் போகணுமாம். பாவம்.

பிப்ரவரி 26, வியாழன்

ஒழுங்கா முதல்லருந்து எழுதணும்.

காலையில திவாகர் சார் என்னைய மீட்டிங் ரூமுக்கு ஒட்டுன சின்ன ரூம்ல உக்கார வச்சாரு. பழைய பிரிண்டர் போடுற ரூம். ஜன்னல் கெடையாது. நடுவுல வெறும் பலகைத் தடுப்பு, அங்கிட்டு பேசுறது அத்தனையும் கேக்கும். "மஞ்ச மாநிலம் கேட்டா டக்குனு அடிச்சிரு. வெப்சைட் தொறக்கலைன்னாலும் 'இருக்கு'ன்னு போட்டுரு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்"னாரு. வெளிய போகும்போது கதவைச் சாத்திட்டுப் போனாரு.

பொன்மலர்லருந்து மூணு பேரு. ரெண்டு கோட்டு சூட்டு. ஒரு அம்மா, எஸ்தர் ராணின்னு, நர்சுகளுக்கெல்லாம் தலைமை. குரலைக் கேட்டாலே ஊசி போட்டு விடுற குரல். திவாகர் சார் ஏஜென்ட்டைப் பெரிய திரையில போட்டு, சத்தமாப் பேச விட்டாரு. பச்சை மாநிலம் ஒவ்வொண்ணா கேட்டாங்க. டூல் பட்டுப்பட்டுன்னு சொல்லுச்சு. கைதட்டுனாங்க.

அப்ப அந்தம்மா, "என் நம்பரைப் போட்டுப் பாருங்க தம்பி"ன்னாங்க. மஞ்ச மாநிலத்துப் பேரைச் சொல்லி, "நானும் அந்த மாநிலத்துல படிச்சவதான். முப்பத்தஞ்சு வருசமாச்சு."

என் போன் அதிருது. எஸ்தர் ராணி, பதிவு எண். கோணல் எழுத்தை அடிச்சு உள்ள போனேன். காணோம். எழுத்தை மாத்தித் தேடுனேன். காணோம். கீழ சின்னதா எழுதியிருக்கு, பழைய பதிவுகள் இன்னும் ஏத்தலையாம், காகிதத்துலதான் இருக்காம்.

அங்கிட்டு ஏஜென்ட்டு, "சரிபார்க்கிறேன், சற்றுக் காத்திருக்கவும்"னு இழுத்துக்கிட்டிருக்கு. சார்கிட்டருந்து மெசேஜ்: "இருக்குன்னு போடு."

"இருக்கு"ன்னு அடிச்சா டெமோ ஓகே, நாளைக்கு என் சரிபார்ப்பு ஓகே. அந்தம்மா நெசமாவே நர்ஸ்தான், பொய்னு கூடச் சொல்ல முடியாது. ஆனா நான் பாக்கலையே? ஒண்ணும் அடிக்காம விட்டா, முப்பத்தஞ்சு வருசம் ஊசி போட்ட பொம்பளை மூஞ்சியில "நீ நர்ஸ் இல்லை"ன்னு அந்த மெசினு சொல்லும். தேவகோட்டைப் புள்ளைகிட்ட சொன்ன மாதிரியே.

அடிச்சேன்.

தடுப்புக்கு அங்கிட்டு ஏஜென்ட்டு அதே ரேடியோ குரல்ல வாசிச்சுச்சு: "இந்தப் பதிவைப் பற்றித் தெரியாது. இந்த மாநிலத்தில் கருவி இயங்கவில்லை. ஒரு பணியாளர் கையால் பார்த்துப் பதில் அளித்து வருகிறார். அசல் சான்றிதழை ஒரு மனிதர் நேரில் பார்க்க வேண்டும்."

நாற்காலி ஒண்ணு இழுபடுற சத்தம் கேட்டுச்சு.

திவாகர் சார் "டெக்னிக்கலா ஒரு சின்ன..."ன்னு ஆரம்பிச்சாரு.

"அந்தப் பணியாளர் எங்க?"ன்னாங்க அந்தம்மா.

அவரு கதவைத் தொறக்குறதுக்கு முன்ன நானே தொறந்துட்டு வந்துட்டேன். தலையெல்லாம் பிரிண்டர் தூசி.

"நான்தாங்க மேடம். பாண்டீஸ்வரி."

அந்தம்மா மேலயும் கீழயும் பாத்தாங்க. எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். "தெரியாதுன்னு சொன்னதுக்கு நான் கோவப்படலம்மா. இல்லைன்னு சொல்லியிருந்தா இந்த மேசையைத் தூக்கியிருப்பேன்"னாங்க. "என் ஒரிஜினல் என் வீட்டு பீரோவுலதான் இருக்கு. நாளைக்கே கொண்டாந்து காமிக்கிறேன். போதுமா?"

எங்கருந்து வந்துச்சோ தெரியல. "என்னோட ஒரிஜினல் இவரு பீரோவுல இருக்கு மேடம். நாளைக்கு காலையில நான் காமிக்கணும். தர மாட்டேங்குறாரு."

சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

அந்தம்மா திவாகர் சார் பக்கம் திரும்புனாங்க. சும்மா பாத்தாங்க. சார் அப்பவும் சிரிச்சாரு, ஆனா சாவியை ரெண்டு தடவை கீழ போட்டாரு. பீரோவைத் தொறந்து பைலை என்கிட்ட குடுக்கும்போது, "கேட்டா குடுக்க மாட்டேனாம்மா?"ன்னாரு. போங்கடா!

அந்தம்மா கெளம்பும்போது சொன்னது: "ஒப்பந்தம் பத்திப் பேசுவோம் தம்பி. ஆனா தெரியாத எடத்துல தெரியாதுன்னுதான் வரணும். அந்த ஆளோட பேப்பரை நான் பாத்துக்கறேன்." கனகவள்ளி பேரையும் சொன்னேன். அந்த எடத்துக்கு ஆள் எடுத்தாச்சு, அடுத்து எடுக்கும்போது எழுதிப் போடச் சொல்லுன்னாங்க. அதுக்கு மேல அவங்களாலயும் முடியல.

வரியை மாத்திட்டேன். நம்பரையும் எடுத்துட்டேன். ஷீட்டு மஞ்சளாயிருச்சு.

பிப்ரவரி 27, வெள்ளி

சரிபார்ப்பு முடிஞ்சது. கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் ஒவ்வொரு காகிதமா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, டிக் அடிச்சாரு. ஆர்டர் வர மூணு மாசம் ஆகலாமாம். அதுவரைக்கும் பழைய சோலிதான், திங்கக்கிழமை போயித்தான் ஆகணும், திவாகர் சார் சிரிப்பைப் பாத்துத்தான் ஆகணும். பைலை மட்டும் இனி யாருக்கும் தர்றதா இல்ல.

இவரு வண்டி எடுக்கப் போன நேரத்துல கனகவள்ளிக்கு போன் போட்டேன். பின்னால கடைச் சத்தம், "அந்த பச்சை சுடியை எடும்மா"ன்னு யாரோ கத்துறாங்க. விசயத்தைச் சொன்னேன். அடுத்து எடுக்கும்போது எழுதிப் போடு, ஒரு அம்மா இருக்காங்க, அவங்களே உன் பேப்பரைப் பாப்பாங்கன்னேன்.

கடைச் சத்தம் கொறஞ்சுச்சு, வெளிய வந்துட்டா போல.

"அக்கா, இப்ப என் பேரைப் போட்டா அதுல என்ன வரும்? நர்ஸ்னு வருமா?"

பொய் சொல்ல மனசு வரல. "இல்லடி. தெரியாதுன்னுதான் வரும்."

"இல்லைன்னு வராதுல்ல?"

"வராது."

"அது போதும்க்கா"ன்னா.

ரோட்டுல நின்னு அழுதுட்டேன். இவரு வந்து, சரிபார்ப்புல ஏதும் பிரச்சனையான்னு பதறிட்டாரு.